நீல நூலும் ஒன்றரை அங்குலமும்

அத்தியாயம் 14

போன வாரம் மாஸ்டரை நூற்றுமூன்று டிகிரி காய்ச்சலோடு கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, பக்கம் தீர்ந்துபோனதைச் சாக்காக வைத்து நான் நழுவிவிட்டேன். அதற்கு வந்த வசவுகளைத் தொகுத்தால் தனிப் புத்தகமே போடலாம். "மனுஷனுக்கு டெங்குன்னு சொல்லிட்டு ஒரு வாரம் காக்க வைக்கிறீங்களே, உங்களுக்கெல்லாம் குடும்பமே இல்லையா?" என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். இருக்கிறது அம்மா. அவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் விட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மாஸ்டர் தானாகவே தெர்மாமீட்டரை எடுத்து நாக்குக்கடியில் வைத்து, தானாகவே படித்து, தானாகவே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். "தொண்ணூத்தெட்டு! முடிஞ்சு போச்சு! வெந்நீர் போடு, குளிக்கணும்."

"ஐயோ, படுங்க பேசாம," என்றார் மாஸ்டரம்மா. "காய்ச்சல் விட்டதும்தான் இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்னு பட்டன் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போயிருக்கா."

"காய்ச்சல் இருந்தாலும் படுங்கறா, இல்லாட்டியும் படுங்கறா. அப்ப நான் எழுந்துக்கறது எப்போ?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நியாயமான கேள்விகளைக் கேட்டே பல சிக்கல்களில் மாட்டியவர் நம் மாஸ்டர்.

இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மாஸ்டர் என்றால் தையல் மாஸ்டர். வீட்டின் முன்னறைதான் கடை. துணி வெட்டுவது மாஸ்டரம்மாவின் தம்பி. கடையிலும் வீட்டிலும் அவருக்குக் கட்டிங் மாமா என்றுதான் பெயர். பட்டன் ஒரே மகள். மூன்று வயதில் கடையில் தவழ்ந்துபோய் ஒரு கோட்டுப் பட்டனை விழுங்கியதால் வந்த பெயர் அது. அன்றோடு அவளைக் கடைப் பக்கம் விடுவதையே நிறுத்திவிட்டார்கள். அவளும் படித்து ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

புதன்கிழமை மாஸ்டருக்கு டெங்கு என்று தெரிந்தபோது, "வீட்டிலேயே ஓய்வெடுங்கள், நிறைய குடியுங்கள், தினமும் ரத்தம் பாருங்கள், வயிற்றுவலி, வாந்தி என்று எது வந்தாலும் ஓடி வாருங்கள்" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அன்று ஆய்வுக்கென்று கூடுதலாக ஒரு குழாய் ரத்தமும் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குழாய்தான் இந்த வாரக் கதை.

குளித்துவிட்டு வந்த மாஸ்டர் தன் சாம்பல் நிறப் பேன்ட்டை எடுத்தார். பதினோரு மணிக்கு அந்தப் பெரிய ஓட்டலில் அறுபது ஊழியர்களுக்குச் சீருடை அளவெடுக்க வேண்டும். ஆறு மாதம் நடையாய் நடந்து பிடித்த வேலை. மேனேஜர் இன்றைக்கு ஒரு நாளைத்தான் ஒதுக்கியிருந்தார். நாம் போகவில்லை என்றால் எதிர்க்கடைக்காரர் கழுத்தில் டேப்போடு ரெடியாக நின்றுகொண்டிருப்பார்.

கால்களை நுழைத்தார். மேலே இழுத்தார். ஹூக் வளையத்தை எட்டவில்லை. மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தார். அப்போதும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி.

"மாப்ள!" என்று கடைப் பக்கம் குரல் கொடுத்தார். "இங்க வா. என்ன லட்சணத்துல வெட்டியிருக்க இதை?"

கட்டிங் மாமா வந்தார். இந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பட்டன். "உங்க அளவுக்குத்தான் அத்தான் வெட்டினேன். முப்பத்துநாலு."

"இது முப்பத்துநாலா?"

"போன மாசம் போட்டப்போ கச்சிதமா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? என் கத்திரியைக் குறை சொல்லாதீங்க. இடுப்பைக் காட்டுங்க."

வழக்கமாக நின்றபடி அளவெடுப்பவர், அன்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடியே டேப்பைச் சுற்றினார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"முப்பத்தஞ்சரை."

இருபது வருடமாக மாஸ்டரின் இடுப்பு முப்பத்துநாலு. வாடிக்கையாளர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லியே பாதிப் பேரின் தொப்பையைக் கேலி செய்தவர் அவர்.

"டேப்பு நீண்டுபோச்சு. வேற எடு."

வேறு டேப்பிலும் முப்பத்தைந்தரை. மூன்றாவதாக, பெட்டியிலிருந்து பிரிக்காத புது டேப். அதுவும் சொல்லிவைத்தாற்போல முப்பத்தைந்தரை.

வாசற்படியில் நின்றிருந்த மாஸ்டரம்மாவின் கண்கள் மெல்லச் சுருங்கின. இந்தப் பார்வை வந்தால் வீட்டில் யாருக்கோ நேரம் சரியில்லை என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

"நாலு நாளா கஞ்சி குடுத்தா வேண்டாம், ரொட்டி குடுத்தா வேண்டாம். வாயே கசக்குதுன்னீங்க. நானும் நம்பிட்டு, ஐயோ மனுஷன் இளைச்சுப் போறாரேன்னு அழுதேன். அப்புறம் இடுப்பு மட்டும் எப்படிங்க ஏறும்?"

"எனக்கென்ன தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்று தேட ஆரம்பித்தார் மாஸ்டரம்மா. தலையணைக்கடியில் பார்த்தார். மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். கடைசியில் தையல் மெஷின் டிராயரைத் திறந்து, பாபின்களுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் உறையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இது என்ன?"

மாஸ்டர் தலையைக் குனிந்தார். "ரெண்டே ரெண்டுதான்."

"ரெண்டு பிஸ்கட்டுக்கு ஒன்றரை இஞ்சா? பாருங்க என் தம்பியை. காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூட வேண்டாம்னு உக்காந்திருக்கான். உங்களுக்கு உடம்பு சரியில்லையேன்னு அவனுக்குச் சோறு இறங்கலை. நீங்க டிராயர்ல ஒளிச்சு வெச்சுச் சாப்பிடறீங்க."

கட்டிங் மாமா சுவரைப் பார்த்தார்.

மாஸ்டருக்கு அவமானம் ஒரு பக்கம், பதினோரு மணி ஒரு பக்கம். வயிற்றில் வேறு ஏதோ கனத்துப் பிடித்துக்கொண்டாற்போல இருந்தது. திட்டு வாங்கியதால் என்று நினைத்துக்கொண்டார். "மாப்ள, நீ முன்னாடி போ. போய் ஆரம்பிச்சுடு. நான் இதை ஆல்டர் பண்ணிப் போட்டுக்கிட்டு பின்னாலயே வரேன்."

"நீங்க வராட்டியும் பரவாயில்ல அத்தான். நான் பாத்துக்கறேன்."

மாஸ்டரம்மா தண்ணீர் பாட்டிலைத் தம்பியின் கையில் திணித்தார். "கை ஏன்டா இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

"குழாயில கழுவிட்டு வந்தேன்க்கா," என்று சொல்லி, அளவு நோட்டையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு கட்டிங் மாமா கிளம்பினார். சார்ஜில் போட்டிருந்த போனை மறந்துவிட்டார். அது அவர் வாரத்துக்கு மூன்று முறை செய்வதுதான்.

மாஸ்டர் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். பேன்ட்டின் பின் தையலைப் பிரித்தார். உள்ளே மடித்து விட்டிருந்த துணியை வெளியே இழுத்து, ஒன்றரை அங்குலம் கூட்டி, அவசரத்துக்கு நீளநீளமாக ஓட்டுத் தையல் போட்டார். போட்டுப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்தாற்போல இருந்தது. ஊரில் வேறு யாருக்காவது ஒரே ராத்திரியில் இடுப்பு ஒன்றரை அங்குலம் கூடியிருந்தால் பயந்துபோய் டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். நம் ஆள் தையல்காரராயிற்றே. வந்த ஆபத்தை ஆல்டர் செய்து இடுப்பில் மாட்டிக்கொண்டுவிட்டார்.

அன்று காலை ஒன்பது மணிக்கே ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் பட்டன் கையுறையோடு நின்றிருந்தாள்.

அங்கே நடக்கும் ஆய்வை அவள் வீட்டில் பத்து தடவை விளக்கியிருக்கிறாள், யாருக்கும் புரிந்ததில்லை. நான் முயன்று பார்க்கிறேன். டெங்கு வந்த பெரும்பாலோர் ஒரு வாரம் படுத்து எழுந்து போய்விடுவார்கள். சிலருக்கு மட்டும், காய்ச்சல் விட்டு எல்லோரும் அப்பாடா என்று உட்காரும் நேரத்தில், ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பிக்கும். ரத்தத்தில் இருக்கவேண்டிய நீர் வயிற்றிலும் நெஞ்சிலும் போய்த் தேங்கும், கை கால் சில்லிட்டுவிடும். அந்தச் சிலர் யார் என்பதை, இரண்டு நாள் முன்பே, ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதத்தின் அளவு எகிறியிருப்பதைப் பார்த்துச் சொல்லிவிட முடியுமா? இதுதான் கேள்வி. முடியும் என்றால் படுக்க வைக்க வேண்டியவரைப் படுக்க வைத்து, மற்றவரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பலாம்.

இதற்கு ஒரு கண்டிப்பான விதி. எந்த ரத்தம் யாருடையது என்று சோதனை செய்கிறவருக்குத் தெரியவே கூடாது. குப்பிகளில் எண் மட்டும்தான் இருக்கும். எண்ணுக்கு உரிய பெயர்ப் பட்டியல் ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும்.

உறைபெட்டியில் இரண்டு அட்டைப் பெட்டிகள் இருந்தன. முதல் பெட்டி இன்றைக்கு, இரண்டாவது திங்கட்கிழமைக்கு. பட்டன் முதல் பெட்டியைத் திறந்து குப்பிகளை வரிசையாக எடுத்து வைத்தாள். ஐம்பத்திரண்டாம் எண் வந்தது. கை நின்றுவிட்டது.

குப்பியின் கழுத்தில் ஒரு நீல நூல்.

வெறும் நூல் இல்லை. இரண்டு முடிச்சு போட்டு, நுனியை விரல் நீளத்துக்கு விட்டிருந்த நூல். உலகத்தில் ஒரே ஒரு கடையில்தான் அப்படிக் கட்டுவார்கள். துணிக்கட்டு மாறிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல். சிவப்பு என்றால் அவசரம். மஞ்சள் என்றால் எப்படித் தைத்தாலும் குறை சொல்லும் ஆள். நீலம் என்றால் நம் வீட்டு ஆள். நிறம்வரை பட்டனுக்கும் தெரியும்.

மாஸ்டர் புதன்கிழமை தன் ரத்தம் அடுத்தவர் ரத்தத்தோடு மாறிவிடுமோ என்று பயந்து, சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்துக் கட்டிவிட்டு வந்திருக்கிறார். ரத்தம் எடுத்த நர்ஸ், ஆய்வில் ஏதோ புது விதி போலிருக்கிறது என்று நினைத்து, நூலை அவிழ்க்காமல் வளையமாகவே உருவி, ரத்தத்தின் தெளிந்த நீரைப் பிரித்து ஊற்றிய குப்பிக்கும் பக்தியோடு மாட்டியிருக்கிறார்.

பட்டன் நூலைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். குப்பியைத் திருப்பி வைத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு, எண்ணைத் தவிர எதையும் பார்க்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மெஷினில் ஏற்றினாள்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து முடிவுகள் வந்தன. மற்ற எண்களெல்லாம் முன்னே பின்னே இருந்தன. ஐம்பத்திரண்டு மட்டும் மற்ற எல்லாவற்றையும் விட ஐந்து மடங்கு.

தாளை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்கு ஓடினாள்.

"ஒரு தப்பு நடந்துபோச்சு டாக்டர். ஐம்பத்திரண்டு யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பட்டியல் என் அலமாரியில இருக்கு. உனக்கு எப்படித் தெரியும்?"

"முடிச்சு."

"என்ன முடிச்சு?"

பட்டன் சொன்னாள். டாக்டரம்மா முப்பது வருடத்தில் எத்தனையோ விதமாக ஆய்வு கெட்டுப்போய்ப் பார்த்திருக்கிறார். தையல் நூலால் கெட்டுப்போனதை இப்போதுதான் பார்க்கிறார். சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் பேனாவை மூடினார்.

"இதைக் கேளும்மா. இந்த நம்பர் இன்னும் பரீட்சைதான் எழுதிட்டிருக்கு, பாஸ் பண்ணலை. இதை வெச்சு நான் யாரையும் அட்மிட் பண்ண முடியாது. ஆளைப் பார்க்கணும். அப்பாவுக்குக் காய்ச்சல் எப்போ விட்டுச்சு?"

"நான் ஆறரைக்குக் கிளம்பறப்போ லேசா இருந்துச்சு."

"வீட்டுக்குப் போன் பண்ணு. வயித்து வலி இருக்கா, வாந்தி எடுத்தாரா, ஒண்ணுக்குப் போறாரா, கேளு. ஒண்ணு இருந்தாலும் உடனே கூட்டிட்டு வரச் சொல்லு."

பட்டன் அங்கேயே நின்று போன் போட்டாள். ஐந்தாவது மணியில் எடுத்தார் மாஸ்டரம்மா. மகள் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"நானே உனக்குப் பண்ணணும்னு இருந்தேன். உங்கப்பா பண்ணின காரியத்தைக் கேட்டியா?"

"அம்மா, அதை விடு. அப்பாவுக்கு வயித்து வலி ஏதாவது..."

"வலிக்காம என்ன பண்ணும்? திருட்டு பிஸ்கட் தின்னா வலிக்கத்தான் செய்யும். இந்த லட்சணத்துல நேத்து ராத்திரியிலேர்ந்து ஒண்ணுக்கே போகலை மனுஷன். இடுப்பு ஒன்றரை இஞ்சு ஏறியிருக்குடி!"

"என்னது?"

"ஒன்றரை இஞ்சு. மாமாதான் அளந்தான். மூணு டேப்பு வெச்சு அளந்தாச்சு. நாலு நாளா எதையும் தொடலைன்னு நடிச்சுட்டு..."

"அம்மா." பட்டனின் குரல் மாறியதில் மாஸ்டரம்மாவின் வாய் தானாக மூடிக்கொண்டது. "அது பிஸ்கட் இல்லம்மா. தண்ணி. ரத்தத்துல இருக்கவேண்டிய தண்ணி வயித்துல இறங்குது. அப்பா இப்போ எங்க?"

"செருப்பு மாட்டிட்டிருக்காரு. ஓட்டலுக்குக் கிளம்பிட்டாரு."

"விடாதம்மா! என்ன வேணா பண்ணு, வாசலைத் தாண்ட விடாத! ஒரு கார் பிடிச்சு நேரா இங்க கூட்டிட்டு வா!"

போன் கையிலிருந்து நழுவியதை மாஸ்டரம்மா கவனிக்கவில்லை. மாஸ்டர் அதற்குள் படியிறங்கிவிட்டார்.

"ஏங்க, நில்லுங்க!"

"வந்து பேசிக்கலாம். மணி பத்தே முக்கால்."

"பட்டன் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்றா!"

"அளவெடுத்துட்டு வர வழியில போறேன்."

நின்று வாதம் பண்ண நேரம் இல்லை. முப்பது வருடம் தையல்காரரோடு குடித்தனம் நடத்தியவருக்கு எங்கே பிடித்தால் எது பிரியும் என்று தெரியும். மாஸ்டரம்மா இரண்டே எட்டில் பின்னால் போய், பேன்ட்டின் பின் தையலில் விரலை நுழைத்து ஒரே இழுப்பு இழுத்தார்.

ஓட்டுத் தையல். சர்ரென்று மேலிருந்து கீழ்வரை பிரிந்தது. பேன்ட் அடுத்த கணம் கணுக்காலில் கிடந்தது.

எதிர்க்கடைக்காரர் கையில் இருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றார். தெரு முனையில் போய்க்கொண்டிருந்த ஒரு சைக்கிள் நின்றது.

"அடிப்பாவி!" என்று அலறியபடி மாஸ்டர் பேன்ட்டைத் தூக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தார். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"என்னமோ பண்ணுது," என்றார் மெதுவாக. "கண்ணு இருட்டிட்டு வருது."

மாஸ்டரம்மா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் இடுப்பில் சுற்றிவிட்டார். எதிர்க்கடைக்காரரைப் பார்த்து, "பாத்துட்டே நிக்கறீங்களே, ஒரு காரைக் கூப்பிடுங்க!" என்று கத்தினார். ஆறு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாத அந்த மனிதர் மறுபேச்சு பேசாமல் ஓடினார்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் வேகமாக நடந்தது. ரத்தம் எவ்வளவு கெட்டியாகிவிட்டது என்று சொல்லும் எண் நேற்றைவிட இன்று கிடுகிடுவென்று ஏறியிருந்தது. ஸ்கேனில் வயிற்றுக்குள் நீர் தெரிந்தது. உடனே கையில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார்கள். எவ்வளவு ஏற்றுவது என்று மணிக்கொரு தடவை பார்த்துப் பார்த்து மாற்றினார்கள். மூன்று மணி வாக்கில் மாஸ்டருக்கு முகத்தில் ரத்தம் வந்தது. கூடவே பேச்சும் வந்தது.

"இன்னும் ரெண்டு நாள் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுப் பார்க்கணும்," என்றார் டாக்டரம்மா. "ஆனா சரியான நேரத்துக்குக் கொண்டுவந்துட்டீங்க. அந்த ஓட்டல்ல ஒரு மணி நேரம் நின்னு அளவெடுத்திருந்தா நான் இப்படி நிதானமா பேசிட்டிருக்க மாட்டேன்."

அவர் போனதும் மாஸ்டரம்மா சத்தமில்லாமல் அழுதார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பிஸ்கட் வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். மாஸ்டர் வேண்டாம் என்று தலையாட்டினார். முப்பது வருடத்தில் அவர் மனைவியிடம் இவ்வளவு அன்பாகத் தலையாட்டியதே இல்லை.

ஷிஃப்ட் முடிந்து வந்த பட்டன், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபத்தை முதலில் எடுத்தாள்.

"ரத்தக் குழாயில போய் யாராவது நூல் கட்டுவாங்களாப்பா? டாக்டர்கிட்ட மானம் போச்சு."

"கட்டினதாலதானே நீ கண்டுபிடிச்ச?" மாஸ்டர் பெருமையாகச் சிரித்தார். "நம்பரெல்லாம் யாருக்கு நினைவிருக்கும்? நூல் மாறாது."

"அதான் ஐம்பத்திரண்டைப் பார்த்ததும் எனக்கு உசிரே போயிடுச்சு. எல்லாரையும் விட அஞ்சு மடங்கு ஜாஸ்தி உங்களுது. நீல நூல் மட்டும் இல்லாட்டி..."

"அஞ்சு மடங்கா!" இதிலும் முதலிடம் என்று மாஸ்டருக்கு ஒரு அற்ப சந்தோஷம். அதற்குப் பிறகுதான் ஏதோ தோன்றி, தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "எத்தனை முடிச்சு போட்டிருந்துச்சு?"

"எதுல?"

"நூல்லடி. ஒத்தை முடிச்சா, ரெட்டை முடிச்சா?"

பட்டன் கோட்டுப் பையில் கையை விட்டாள். நூல் ஒரு பேனா மூடியில் சிக்கியிருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ரெண்டு."

மாஸ்டரின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "ஒத்தை முடிச்சு என்னுது. ரெட்டை முடிச்சு மாப்ளையோடது. கடையில எப்பவும் அப்படித்தான்."

"மாமா துணிக்கா?"

"துணிக்கு இல்லடி, ரத்தத்துக்கு. புதன்கிழமை துணைக்கு வந்தவனுக்கும் காய்ச்சல் அடிச்சுட்டிருந்துச்சு. நர்ஸ் தொட்டுப் பார்த்துட்டு அவனுக்கும் எடுத்தாங்க. அவனுக்கும் இதேதான். பாசிட்டிவ்னா நல்லதுதானேன்னு கேட்டுட்டு, ரிப்போர்ட்டை மடிச்சு நோட்டுக்குள்ள வெச்சுட்டான். ரெண்டு பேரும் படுத்தா ஓட்டல் வேலை போயிடும், அக்காகிட்ட மூச்சு விடாதீங்க அத்தான்னு சத்தியம் வாங்கிட்டான். மறுநாளே காய்ச்சல் விட்டுப் போச்சுன்னு சொன்னான்..."

பட்டன் எழுந்து நின்றாள். தவறான நூலைப் பிடித்துச் சரியான ஆளைக் கொண்டுவந்து படுக்க வைத்திருக்கிறாள். அப்பாவின் குப்பி திங்கட்கிழமைப் பெட்டியில் இன்னும் உறைந்துகொண்டிருக்கிறது. அந்த ஐந்து மடங்கு, அறுபது பேருக்கு அளவெடுக்க டேப்போடு போயிருக்கிறது.

போனை எடுத்து மாமாவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது.

அந்த அறைக்குள்ளேயே அடித்தது.

மாஸ்டரம்மா தன் கைப்பைக்குள் துழாவி, பாடிக்கொண்டிருந்த தம்பியின் போனை வெளியே எடுத்தார். "மறந்து வெச்சுட்டுப் போயிட்டான். இங்க வருவான், குடுக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன். மணி நாலாச்சு, இன்னும் காணோம். அத்தான் ஆஸ்பத்திரியில இருக்காருன்னு எதிர்க்கடையில சொல்லிட்டுத்தான் வந்தேன்..."

மகளின் முகத்தைப் பார்த்தார். கணவரின் முகத்தைப் பார்த்தார். பிறகு, காலையில் தண்ணீர் பாட்டிலைத் திணித்த தன் வலது கையைப் பார்த்தார்.

"ஜில்லுன்னு இருந்துச்சுடி," என்றார். "அவன் கை ஜில்லுன்னு இருந்துச்சு."

பட்டன் அதற்குள் படிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தாள்.